விரலால் பார்க்க வேண்டிய குதிரைகள்

ராம்பூர் சந்தைக்கு வரும் மலைக்குதிரைகள் கம்பளி போர்த்திக்கொண்டே வருகின்றன. அந்தக் கம்பளிக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் பேரம் நடக்கிறது.

நவம்பர் முதல் வாரம். இமாசலப் பிரதேசத்தின் ராம்பூர் புஷஹரில் காலை எட்டு மணியாகியும் வெயில் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கவில்லை. கீழே சட்லெஜ் மட்டும் இரைந்துகொண்டிருக்கிறது. மைதானத்தில் நீளக் கயிறு கட்டி வரிசையாக நிறுத்தியிருந்த உருவங்களைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, குதிரைகள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. கரடிக் குட்டிகளைக் கட்டி வைத்தது போல் இருந்தது. காதுக்குள் புதராக மயிர். தாடைக்குக் கீழே தாடி. குளம்பை மூடும் குஞ்சம். முதுகு என் மார்பு உயரத்துக்குத்தான் வந்தது. மெரினாவில் சவாரிக் குதிரைகளையும் கிண்டியில் பந்தயக் குதிரைகளையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குதிரை என்றால் எண்ணெய் தடவியது போல் மின்னும் தோல். இங்கே எதுவும் மின்னவில்லை.

“எல்லாம் நன்றாகக் கொழுத்திருக்கின்றனவே” என்றேன், உடன் வந்த கால்நடை மருத்துவரிடம்.

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற செம்பழுப்புக் குதிரையின் விலாவைக் காட்டி, “கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள்” என்றார். வைத்தேன். விரல்கள் முதல் கணு வரை உள்ளே போயின. வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் சற்று அழுத்தினேன். விலா எலும்புகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று, வேட்டிக்குள் மறைத்த புல்லாங்குழல் போலத் தட்டுப்பட்டன. கண்ணுக்குப் பீப்பாயாகத் தெரிந்த குதிரை, கைக்கு ஏணியாக இருந்தது.

“நவம்பரில் கண்ணை நம்பி வாங்குகிறவன் மே மாதம் அழுவான். மயிர் உதிர்ந்த பிறகுதான் அவனுக்குத் தன் குதிரையின் முகமே தெரியும்” என்றார் மருத்துவர்.

ராம்பூரில் ஆண்டுதோறும் நவம்பர் 11 முதல் 14 வரை லவி என்ற பெரிய சந்தை நடக்கிறது. அதற்குச் சில நாட்கள் முன்பாகவே குதிரைகளுக்கென்று தனியாக ஒரு சந்தை. சிம்லாவிலிருந்து இந்துஸ்தான்-திபெத் சாலையில் சுமார் 130 கி.மீ. வந்தால் ராம்பூர். புஷஹர் ராஜ்யத்தின் தலைநகராக இருந்த ஊர். மலைவாசிகள் போர்த்தும் ‘லோயி’ என்ற கம்பளியிலிருந்து லவி என்ற பெயர் வந்தது என்பார்கள். ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதைக் குறிக்கும் சொல் என்பாரும் உண்டு. எப்படியானாலும் இது ரோமத்தின் பெயரால் நடக்கும் சந்தை. கம்பளி, பஷ்மினா, சில்கோசாப் பருப்பு, உலர்ந்த ஆப்ரிகாட் எல்லாம் மேல்நாட்டிலிருந்து இறங்கும். உப்பும் தானியமும் இரும்பும் மேலே ஏறும். அப்படித்தான் சில நூற்றாண்டுகள் நடந்தது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜா கேஹரி சிங் காலத்தில் புஷஹருக்கும் திபெத்துக்கும் ஏற்பட்ட உடன்பாடுதான் இந்த வணிகத்துக்கு அடிப்படை. அதன் நிபந்தனைகளை இங்கே இன்றும் சொல்கிறார்கள். கைலாயத்தின் பனி உருகாதவரை, மானசரோவர் வற்றாதவரை, கறுப்புக் காக்கை வெள்ளையாகாதவரை இந்த நட்பு நீடிக்குமாம். காக்கை வெள்ளையாகவில்லை. ஆனால் 1962 போர் வந்தது. எல்லைக் கணவாய்கள் மூடின. திபெத்தின் சுமுர்த்திப் பகுதியிலிருந்து பேர் பெற்று, ‘சமுர்த்தி’ என்று இங்கே அழைக்கப்படும் குதிரைகள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்பிட்டியிலும் அதன் கிளையான பின் பள்ளத்தாக்கிலும் பெருகியவையோடு நின்றன. இந்தியாவின் பதிவு பெற்ற குதிரை இனங்களில் ஸ்பிட்டியும் ஒன்று. தாபோ மடாலயத்துக்குப் பக்கத்தில் லரி என்ற ஊரில், இந்த இனத்துக்காகவே அரசு ஒரு பண்ணை வைத்திருக்கிறது.

குதிரை தேடி இந்த மலைகளுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைக் கண்டுபிடித்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் மூர்கிராஃப்ட், ராணுவத்துக்கு நல்ல குதிரை வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு 1819-ல் கிளம்பினார். குலு, லடாக், காஷ்மீர் வழியே புகாரா வரை போய், திரும்பும் வழியில் 1825-ல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். அவர் தேடியது உயரமான போர்க் குதிரை. காலடியில் நின்ற மட்டக் குதிரைகள் அவர் தேவைக்கு உதவாதவை. ஆனால் பனியில் வழுக்காமல் நடக்க, மூச்சுக் காற்று மெலிந்த உயரத்தில் சுமை ஏற்ற, இந்தக் குட்டைக் கால்களும் அகன்ற மார்பும்தான் வேண்டும். அதோடு இந்தப் போர்வையும்.

போர்வையைத் தைப்பது குளிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பின் பள்ளத்தாக்கிலிருந்து மூன்று குதிரைகளோடு இறங்கியிருந்த ஒரு முதியவர் அதை மறுத்தார். அவருக்கு எழுபதுக்குக் குறையாது. கூட வந்திருந்த பேரன் ‘மேமே’ என்று கூப்பிட்டான்; தாத்தா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

“நாங்கள் பார்லி அறுக்கும்போதே முதுகில் மயிர் கனத்துவிடும். அப்போது எங்களுக்கு வேர்க்கும். பனி இன்னும் மலை உச்சியில்தான் இருக்கும். குதிரைக்கு முன்கூட்டியே தெரியும்” என்றார் மேமே, பேரன் வழியாக.

மருத்துவர் தலையாட்டினார். கிழவர் சொல்வது அறிவியலோடு ஒத்துப்போகிறது. குதிரையின் ரோமத்துக்கு உத்தரவு போடுவது குளிரல்ல, பகலின் நீளம். ஜூன் பிற்பகுதியில் பகல் உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கியதுமே, கண் வழியே அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. இரவு நீள நீள மெலடோனின் சுரக்கும் நேரம் கூடுகிறது. புரோலாக்டின் என்ற இன்னொரு சுரப்பு இறங்குகிறது. கோடைக்கால ரோமம் கொட்டி, ஆகஸ்ட், செப்டம்பரில் நீண்ட ரோமம் எழுகிறது. டிசம்பர் பிற்பகுதியில் பகல் மறுபடி நீளத் தொடங்கியதும் கணக்குத் திரும்புகிறது. வெளியே பனி மூன்றடி கிடந்தாலும் உள்ளே உதிர்வதற்கான ஏற்பாடு ஆரம்பமாகிவிடும். குளிர் கடுமையாக இருந்தால் ரோமம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகும், தீனி குறைந்தால் மெலியும், அவ்வளவுதான். பட்டியலைப் போடுவது சூரியன்.

அதனால்தான் சென்னைக் குதிரைக்கு இந்தக் கோலம் இல்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். ஸ்பிட்டியில் அது நாலு மணி நேரத்துக்கும் மேல். வெளிநாட்டுப் பண்ணைகளில் இதே கணக்கை வைத்துக் குதிரையை ஏமாற்றுவதும் உண்டு. லாயத்தில் விளக்கைப் போட்டு ‘பகலை’ 16 மணி நேரமாக நீட்டினால், குளிர்காலத்திலும் கண்காட்சிக்குத் தகுந்த மழமழப்பான தோல் கிடைக்கும். பின் பள்ளத்தாக்கில் அப்படிச் செய்தால் அது குதிரையைக் கொல்வதற்குச் சமம்.

ரோமம் எப்படிச் சூடு காக்கிறது என்பதையும் மருத்துவர் அங்கேயே காட்டினார். நமக்குப் புல்லரிப்பது போலக் குதிரைக்கும் தோலடியில் உள்ள சிறு தசைகள் இழுத்து ஒவ்வொரு மயிரையும் நிமிர்த்தும். நடுவில் காற்று சிறைப்படும். அந்தக் காற்றுதான் கம்பளி. வெளியே உள்ள நீள மயிர் பனியைத் தள்ளும். உள்ளே உள்ள மென்மயிர் சூட்டைப் பிடிக்கும். நன்றாகத் தேறிய குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும், உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அடையாளமாக. கனடாவில் செய்த ஆய்வுகளின்படி, குளிருக்குப் பழகி, முழு ரோமத்தோடு, வயிறார மேய்ந்த குதிரை, காற்றும் ஈரமும் படாமல் இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை தனிச் சிரமமின்றித் தாங்கும். ஸ்பிட்டியில் குளிர் அதற்கும் கீழே போவது சாதாரணம். அப்போது குதிரைகள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்துவிடும். மேல்தளத்தில் மனிதர்கள், மொட்டை மாடியில் வைக்கோலும் விறகும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விரோதி உண்டு: ஈரம். மழையில் நனைந்து மயிர் படிந்துவிட்டால் உள்ளே காற்று இல்லை. போர்வை வெறும் ஈரத் துணி. ஸ்பிட்டி மழை மறைவுப் பிரதேசம், குளிர்ப் பாலைவனம். அங்கே வானத்திலிருந்து விழுவது பெரும்பாலும் உலர்ந்த பனி. உதறினால் போய்விடும். அந்த ஊருக்காகவே தைத்த சட்டை இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு வெயில் மைதானத்தில் இறங்கியது. பத்தே நிமிடத்தில் குதிரைகளின் கழுத்தில் வியர்வை. ராம்பூரின் உயரம் ஆயிரம் மீட்டர் சுமார்தான். மேமேயின் ஊர் அதற்கு மூன்று மடங்குக்கு மேல். வெயிலோடு வியாபாரிகளும் வந்தார்கள். உத்தராகண்டிலிருந்து, கின்னவுரிலிருந்து, குலுவிலிருந்து. நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் ரகசியம் இங்கே என் கண்ணில் படவில்லை. எல்லோரும் உரக்கவே பேசினார்கள். ஆனால் எல்லோருக்கும் கை வேலை செய்தது. தோளுக்குப் பின்னால், விலாவில், வால் எலும்பின் இரு பக்கமும் அழுத்திப் பார்க்காமல் ஒருவரும் விலை கேட்கவில்லை.

பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். வட இந்தியச் சந்தைகளில் குதிரையின் நிறத்துக்கு ஒரு தனி அகராதியே இருக்கிறது. கறுப்பு என்று யாரும் சொல்வதில்லை, முஷ்கி. கறுப்புக் காலும் கறுப்புப் பிடரியும் கொண்ட செம்பழுப்பு குமைத். பிடரி முதல் வால் வரை ஒரே செந்நிறமாக இருந்தால் சுரங். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறுகிற, தோலும் இளஞ்சிவப்பாக உள்ள வெள்ளை நுக்ரா. சாம்பல் நிறத்தின் பெயர் விசித்திரமானது: சப்ஜா, அதாவது பச்சை. ராஜஸ்தானில் அதையே நீலம் என்பார்கள். ராணா பிரதாப்பின் சேத்தக் ‘நீலக் குதிரை’. குரு கோவிந்த் சிங்கும் நீலக் குதிரை ஏறியவர். கறுத்த தோலின் மேல் கறுப்பும் வெள்ளையும் கலந்த மயிர், வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால், உண்மையிலேயே நீலம் பூத்தது போலத்தான் இருக்கிறது.

நான்கு காலும் நெற்றியும் வெள்ளையான குதிரையை நாம் பஞ்சகல்யாணி என்று கொண்டாடுவோம். இங்கேயும் அதே பெயர், பஞ்ச்கல்யாண். மாட்டுக்குச் சுழி பார்ப்பது போலவே குதிரைக்கும் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் மயிர் சுழன்றால் எஜமானுக்கு லாபம், எங்கே சுழன்றால் குடி கெடும் என்று தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கும் நகுலனின் அசுவசாஸ்திரத்திலும் விவரமாக உண்டு. வெள்ளைக் குளம்பு சீக்கிரம் தேயும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் தேச எல்லையே இல்லை. குளம்பின் நிறத்துக்கும் உறுதிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆனால் நவம்பர் மாதத்தில் நிறமே சந்தேகத்துக்குரியது. மேமேயின் மூன்றில் ஒன்று, பேரன் கையில் இருந்த அட்டையில் ‘கறுப்பு’ என்று பதிவாகியிருந்தது. எதிரே நின்றதோ துருப்பிடித்த பழுப்பு. வாங்க வந்தவர் ஒருவர் அட்டையையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்து, ஆள் மாறாட்டம் என்கிற தொனியில் குரலை உயர்த்தினார். மருத்துவர் குதிரையின் மூக்கருகே குனிந்தார். மேலுதட்டிலும் நாசியைச் சுற்றியும் உள்ள குட்டை மயிரைக் காட்டினார். சுத்தக் கறுப்பு. மலை வெயில் நீள மயிரின் நுனியை வெளுக்கவைக்கும். மூக்கில் உள்ள குட்டை மயிர் மட்டும் பொய் சொல்லாது. கோடையில் இதே குதிரை கரியாக மின்னும். சாம்பல் குதிரைகளின் கதையும் அதுதான். ஜூலையில் உடம்பெல்லாம் காசு காசாகத் தெரிகிற வட்டப் புள்ளிகள், நவம்பர் ரோமத்தில் கலைந்து மங்கிப்போகும்.

நிறத்தின் சூத்திரம் அடிப்படையில் எளிது. எல்லாக் குதிரைக்கும் இரண்டே சாயங்கள்: கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. ஒரு மரபணு, கறுப்புச் சாயம் உண்டாகலாமா என்று தீர்மானிக்கிறது. அனுமதி இல்லையென்றால் குதிரை முழுக்கச் செந்நிறம். ஆகவே செந்நிறத் தாய் தகப்பனுக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது. இன்னொரு மரபணு, கறுப்பைக் கால், பிடரி, வால் என்று ஓரங்களுக்கு ஒதுக்கும். அப்போது கிடைப்பது குமைத். மற்றவை எல்லாம் இதில் தண்ணீர் கலப்பதும் திட்டுத் திட்டாக அழிப்பதும்தான்.

சாம்பல் மட்டும் தனிக் கதை. அது நிறமே அல்ல, ஒரு நிகழ்ச்சி. சாம்பல் குதிரை பிறக்கும்போது கறுப்பாகவோ செந்நிறமாகவோ பிறக்கும். ஆண்டுக்கு ஆண்டு நரைக்கும். மரபணுத் தொடரில் சுமார் 4,600 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இரட்டித்துப்போனதுதான் காரணம் என்று 2008-ல் சுவீடனின் உப்சாலா விஞ்ஞானிகள் தலைமையிலான குழு கண்டறிந்தது. உலகத்தில் உள்ள சாம்பல் குதிரைகள் எல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே மூதாதையின் வாரிசுகள். அந்தத் துண்டு இரண்டு பிரதியாக இருந்தால் மெதுவாக நரைக்கும், மூன்றாக இருந்தால் வேகமாக நரைக்கும் என்று 2024-ல் தெரிந்தது. நரைக்கு விலையும் உண்டு. 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் பத்தில் ஏழெட்டுக்கு, பெரும்பாலும் வாலுக்கடியில், மெலனோமா கட்டிகள் வரும்.

அதனால் மருத்துவர் மேமேயின் மூன்றாவது குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தாலும், மேமே சிரிக்கவில்லை. கிட்டத்தட்ட முழு வெள்ளையாகிவிட்ட காயடித்த குதிரை அது. பதினான்கு வயது. கறுப்பாகப் பிறந்தது என்றார் மேமே. பிறகு சாம்பலாகி, வெள்ளையானது. மருத்துவர் வாலை விட்டார். “ஒரு சிறு கட்டி, பட்டாணி அளவு. தொந்தரவு இல்லை.” மேமே தலையை மட்டும் அசைத்தார்.

அந்தக் குதிரையைத்தான் உத்தராகண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் குறிவைத்தார். கேதார்நாத் பாதையில் யாத்ரிகர்களை ஏற்றும் தொழில். வெள்ளைக் குதிரை என்றால் யாத்ரிகர்கள் தேடி வந்து ஏறுவார்கள் என்றார். பல்லைப் பார்த்தார், வயது தெரிந்தது. விலாவை அழுத்தினார், பரவாயில்லை. முதுகைத் தடவினார். திருப்தி. “சாச்சாஜி, விலையைச் சொல்லுங்கள்” என்றார்.

இங்கே குமைத் குதிரைகளிடம் நான் காலையிலிருந்து கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும். பலவற்றின் முதுகில், தோள் எலும்புக்குப் பின்னால், வெள்ளைத் திட்டுகள். பூவேலை போல் அழகாகக்கூட இருந்தன. பிறவிக் குறி என்று நினைத்தேன். இல்லை. பொருந்தாத சேணமும் அதிகச் சுமையும் அழுத்தி, தோல் புண்ணாகும் இடத்தில், மயிருக்குச் சாயம் தரும் அணுக்கள் செத்துவிடுகின்றன. புண் ஆறினாலும் அங்கே முளைப்பது வெள்ளை மயிர்தான், ஆயுள் முழுக்க. ஒரு குமைத் குதிரையின் முதுகைப் பார்த்து அது எப்படி உழைத்தது, எப்படிப்பட்டவனிடம் உழைத்தது என்று படித்துவிடலாம். வெள்ளைக் குதிரையில் அந்த எழுத்து தெரியாது. வெள்ளையின் மேல் வெள்ளை. அதிலும் நவம்பர் ரோமத்தின் அடியில் தழும்பின் மேடுகூடக் கைக்கு அகப்படுவது அபூர்வம்.

மேமே விலை சொல்லவில்லை. இளைஞரின் மணிக்கட்டைப் பிடித்தார். கையைக் குதிரையின் முதுகில் ஓரிடத்தில் கொண்டுபோய், ரோமத்துக்குள் நுழைத்து, அழுத்தினார். குதிரை முதுகைச் சற்றே தாழ்த்தியது. பிறகு வயிற்றுக்கடியில், சேணத்தின் வார் வரும் இடத்தில் இன்னொரு தழும்பு. “அணைக்கட்டு வேலைக்குச் சிமென்ட் சுமந்தபோது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேரன் தரையைப் பார்த்தான். அவன் முகத்தில் எரிச்சல் இருந்தது. இளைஞர் கையை எடுத்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளை மயிரைத் தட்டிவிட்டார். அவமரியாதையாக எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ‘கறுப்பு’ என்ற பழுப்பைப் பார்க்கத் தொடங்கினார். அரை மணியில் அது விலைபோனது.

தழும்பைக் காட்டினால் விலை குறையும் என்று மேமேக்குத் தெரியாதா? பிறகு டீக்கடையில் கேட்டேன். “மறைத்து விற்றால் அவன் அந்த இடத்திலேயே சேணம் போடுவான்” என்றார்.

விற்காமல் இருக்கவும் முடியாது. அதுதான் இந்தச் சந்தை நவம்பரில் நடப்பதன் காரணம். குளிர்காலம் முழுக்க ஒரு குதிரைக்கு மாடியில் வைக்கோல் அடுக்கவேண்டும். முன்பு அந்த வைக்கோலைக் குதிரை சம்பாதித்தது. கணவாய் தாண்டிச் சுமை கொண்டுபோனது, மருமகளை அழைத்து வந்தது, வைத்தியரைக் கூட்டி வந்தது. இப்போது பின் பள்ளத்தாக்கின் பச்சைப் பட்டாணி லாரியில் இறங்குகிறது. பேரன் பிக்-அப் வண்டிக்குத் தவணை கட்டுகிறான். வண்டிக்கு வைக்கோல் வேண்டாம், நிறுத்தி வைத்தால் தின்னாது. பேரனைக் குறை சொல்ல நான் தயாரில்லை; வைத்தியருக்காகக் குதிரையில் இரண்டு நாள் போன காலத்தை ஏங்குவது, போகவேண்டியிராத என்னைப் போன்றவர்களின் பொழுதுபோக்கு. சாலை வந்தபின் குதிரைக்கு மிச்சமிருக்கும் வேலை மலையேற்றச் சுற்றுலா, ராணுவம், கீழ்மலையின் யாத்திரைப் பாதைகள்.

யாத்திரைப் பாதைகள் என்றதும் மருத்துவர் டீயைக் கீழே வைத்தார். கேதார்நாத் பாதையில் 2022-ஆம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்தன. ஓய்வின்மை, அதிகச் சுமை, தண்ணீர் தராதது என்று காரணங்கள் பேசப்பட்டன. 2025 மே மாதம் குதிரைக் காய்ச்சல் பரவி, சில நாட்கள் சவாரியையே நிறுத்தவேண்டி வந்தது. ஸ்பிட்டிக் குதிரைக்கு அங்கே கூடுதலாக ஒரு சங்கடம் என்றார் அவர். யாத்திரை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் அது பாதி உதிர்ந்து, பாதி போர்த்தி நிற்கும். ஏற்றத்தில் போர்வைக்குள் வியர்த்து நனையும். உச்சியில் மழையும் ஆலங்கட்டியும் அடிக்கும். ஈரம் காயாத உடம்போடு இரவு திறந்த வெளியில். உலர்ந்த பனிக்காகத் தைத்த சட்டை அங்கே உதவாது. ஓட்டுகிறவன் இறங்கியதும் வைக்கோலால் தேய்த்துக் காயவைத்தால் போதும். பத்து நிமிட வேலை. ஒரு நாளைக்கு இரண்டு நடை ஓட்டவேண்டியவனுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

இந்த உதிர்வைப் பற்றிக் கேட்டபோதுதான் மேமே முதல்முறையாகச் சிரித்தார். வசந்தத்தில் குதிரைகளுக்கு அரிப்பு தாங்காதாம். கல் சுவர், கதவு நிலை, சோர்ட்டென் ஸ்தூபி என்று பேதம் பார்க்காமல் முதுகைத் தேய்க்கும். ஊர் முழுக்க மயிர் பறக்கும். குருவிகள் வந்து பொறுக்கிக்கொண்டு போகும். ஊர்க் கூடுகளைப் பிரித்துப் பார்த்தால் எந்த வீட்டுக் குதிரை என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்றார். உதிராமல் சுருள் சுருளாக நீண்டுகொண்டே போகும் கிழக் குதிரைகளும் உண்டாமே என்றேன். அது மூளையடிச் சுரப்பியின் கோளாறு, வயதில் வருவது என்றார் மருத்துவர். “என் வெள்ளை இந்த ஆண்டு நன்றாக உதிர்ந்தது” என்றார் மேமே அவசரமாக.

அன்று இரவு ராம்பூரிலும் குளிர் இறங்கியது. மறுநாள் விடியலில் மைதானத்துக்குப் போனபோது, விற்றுப்போன குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு என்ற பழுப்பு ஏற மறுத்துப் பலகையில் காலை ஊன்றி நின்றது. நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, வியர்த்து, லாரிக்குள் அதன் முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குமைத்தும் முந்தின நாள் மாலை கின்னவுர் ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவருக்குப் போய்விட்டதாம். கயிற்றில் மேமேயின் வெள்ளை மட்டும் தனியாக நின்றது. முதுகில் மெல்லிய உறைபனி, அரைத்த உப்புப் போல, உருகாமல் கிடந்தது.

பேரன் போனில் யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பும் பிக்-அப்பில் ஒரு குதிரைக்கு இடம் கேட்கிறான் என்று பிறகு தெரிந்தது. ஏறக்குறைய 300 கி.மீ. மேமே தன் லோயியை எடுத்து நான்காக மடித்துக் குதிரையின் முதுகில், உறைபனியின் மேலேயே வைத்துவிட்டு, கொள்ளுப் பையைத் தேடிக்கொண்டு போனார்.